செரிக் சபியேவும் 69 கிலோவும்

2012 ஆகஸ்ட் 3ஆம் தேதி. லண்டன் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 69 கிலோ பிரிவு. நம் விகாஸ் கிருஷன் அமெரிக்காவின் எரோல் ஸ்பென்ஸை 13-11 என்று ஜெயித்துவிட்டார் என்ற நிம்மதியோடு தூங்கப் போனேன். எழுந்து பார்த்தால் தீர்ப்பு மாறியிருந்தது. அமெரிக்கத் தரப்பு மேல்முறையீடு செய்திருக்கிறது. மூன்றாவது சுற்றில் மட்டும் விகாஸ் ஒன்பது முறை எதிராளியைப் பிடித்துக்கொண்டார், இரண்டாவது சுற்றில் வேண்டுமென்றே பல்காப்பைத் துப்பினார், அதற்கெல்லாம் நடுவர் எச்சரித்திருந்தால் ஸ்பென்ஸுக்குக் குறைந்தது நான்கு புள்ளி சேர்ந்திருக்கும் என்று சொல்லி முடிவை 15-13 ஆக்கிவிட்டார்கள். விகாஸுக்கு அப்போது 20 வயது.

அந்தக் கோபத்தில்தான் அந்த எடைப் பிரிவை விடாமல் பார்க்க ஆரம்பித்தேன். நம்ம ஆளைத் தள்ளிவிட்டுப் போனவன் எவ்வளவு தூரம் போகிறான் பார்ப்போம் என்ற எண்ணம். ஸ்பென்ஸ் காலிறுதியிலேயே ரஷ்யாவின் ஆந்த்ரே ஸம்கவோயிடம் தோற்றார். அமெரிக்க ஆண்கள் அணியில் அதுவரை மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் போனதோடு, அமெரிக்க ஆண்கள் அந்த ஒலிம்பிக்கில் ஒரு குத்துச்சண்டைப் பதக்கம்கூட இல்லாமல் வீடு திரும்பினார்கள். சரி, ஸம்கவோய் யாரிடம் போவார் என்று அரையிறுதியைப் பார்த்தேன். எதிர் மூலையில் கசகஸ்தானின் செரிக் சபியேவ். 18-12. முதல் சுற்று முடிவதற்குள் ஸ்பென்ஸையும் மேல்முறையீட்டையும் நான் மறந்துபோயிருந்தேன்.

கல்லூரியில் இரண்டு வருடம் குத்துச்சண்டை பழகியவன் நான். பெரிதாக எதுவும் ஜெயிக்கவில்லை. ஆனால் இடதுகை ஆட்டக்காரரின் எதிரே நிற்பது எப்படி இருக்கும் என்பது உடம்புக்குத் தெரியும். வலதுகைக்காரர் இருவர் மோதும்போது இருவருக்குமே இடதுகால் முன்னே இருக்கும். இடதுகைக்காரர் வந்தால் அவருடைய வலதுகால் முன்னே வரும். இரண்டு பேரின் முன்னங்கால்களும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். யார் தன் முன்னங்காலை எதிராளியின் காலுக்கு வெளிப்பக்கம் வைக்கிறாரோ அவருடைய பின்கைக்கு வழி திறந்துவிடும். இது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். சொல்லித்தருவது சுலபம். சபியேவ் அதை மூச்சு விடுவதுபோலச் செய்தார். கால் வெளியே விழும்போதே இடதுகை நேராகப் போய்ச் சேர்ந்திருக்கும். எதிராளி திருப்பி அடிக்கும் இடத்தில் அவர் இருக்கமாட்டார். அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து, அங்கிருந்து இன்னும் இரண்டு குத்து. ஒரே குத்தில் ஆளை வீழ்த்துகிற பலம் அதில் தெரியாது. தொலைக்காட்சியில் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ‘என்ன, தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டு ஓடுகிறாரே’ என்றுகூடத் தோன்றும். ஆனால் ஸம்கவோய் போன்ற உயரமான, அனுபவமுள்ள இன்னொரு இடதுகைக்காரரை எதிரே வைத்துக்கொண்டு ஒன்பது நிமிடமும் தூரத்தைத் தானே முடிவு செய்வது சாதாரணமில்லை.

அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

சபியேவ் பிறந்தது 1983 நவம்பர் 16, கரகண்டா வட்டாரத்தில் அபாய் என்ற சிறு நகரத்தில். கசக்கியர்களின் மாபெரும் கவிஞர் அபாய் குனன்பாயுலியின் பெயரைத் தாங்கிய ஊர். பெயர் கவிஞருடையது, பிழைப்பு நிலக்கரியினுடையது. கரகண்டாவே நிலக்கரிக்காக எழுந்த நகரம்தான். 1930களில் ஸ்டாலின் ஆட்சி அந்தப் புல்வெளியில் கார்லாக் என்னும் பெரிய சிறைமுகாம் அமைப்பை உருவாக்கியது. சுரங்கத்திலும் வயலிலும் கைதிகள் வேலை செய்தார்கள். பின்னர் ஜெர்மானியர், கொரியர், போலந்துக்காரர், செச்சேனியர் என்று நாடுகடத்தப்பட்ட இனங்கள் கூட்டம் கூட்டமாக அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டன. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போகும் இடம். சுரங்கம் இன்றும் உயிர் வாங்குகிறது. 2006இல் லெனின் சுரங்கத்தில் 41 பேர், 2023இல் கஸ்தென்கோ சுரங்கத்தில் 46 பேர் இறந்தார்கள்.

இதே கரகண்டாவிலிருந்து வந்தவர்தான் கென்னாடி கலோவ்கின். அப்பா ரஷ்யர், சுரங்கத் தொழிலாளி. அம்மா கொரியர். கலோவ்கின் 1982இல் பிறந்தவர், சபியேவுக்கு ஒரு வயது மூத்தவர். உலகம் முழுக்கக் குத்துச்சண்டை பார்க்கிற எவருக்கும் கலோவ்கினைத் தெரியும். சபியேவ் என்று சொன்னால் பலர் யோசிப்பார்கள். கலோவ்கின் 2003 பாங்காக்கில் உலகச் சாம்பியன், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. அங்கிருந்து தொழில்முறைக்குப் போனார், மிடில்வெயிட் எடைப் பிரிவில் பல ஆண்டுகள் ஆண்டார். சபியேவ் போகவே இல்லை. அமெச்சூர் குத்துச்சண்டை என்பது தொழில்முறைக்கு ஏறும் படிக்கட்டு என்றுதான் நாம் பொதுவாகப் பேசுகிறோம். படிக்கட்டிலேயே ஒருவர் வீடு கட்டி வாழ்ந்தார் என்றால் அவரை என்னவென்று பேசுவது என்று நமக்குத் தெரிவதில்லை. எனக்குச் சபியேவ்மீது இருக்கும் பிரியத்துக்கு இதுதான் முக்கியக் காரணம்.

அமெச்சூர் என்ற சொல்லும் அங்கே பொருந்தாது. சோவியத் காலத்து விளையாட்டுப் பள்ளிகள் கசகஸ்தானில் கலைந்துபோகவில்லை. சிறுவர்கள் பள்ளி வயதிலேயே பயிற்சியாளரிடம் போய்ச் சேர்கிறார்கள். திறமை தெரிந்தால் மாவட்டம், மாகாணம், தேசிய அணி என்று அரசே செலவு செய்து வளர்க்கிறது. லண்டனில் தங்கம் வென்றவர்களுக்கு அரசு அறிவித்த பரிசு 2,50,000 டாலர். சபியேவை வளர்த்தவர் கரகண்டாப் பயிற்சியாளர் அலெக்சாந்தர் ஸ்த்ரேல்னிக்கோவ். தேசிய அணிக்கு மிர்சகலி அய்த்ஜானவ் தலைமைப் பயிற்சியாளர். அப்போது சுமார் 1.7 கோடி மக்கள் தொகை இருந்த நாடு. அதில் ஒரு எடைப் பிரிவுக்கு உலகத் தரத்தில் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். ஒலிம்பிக்குக்கு ஒருவர்தான் போகலாம். உள்ளூர் தேர்வைத் தாண்டுவதுதான் முதல் பெரிய போட்டி.

சபியேவ் ஆரம்பத்தில் 69 கிலோ ஆள் இல்லை. 64 கிலோவில்தான் உலகம் அவரைப் பார்த்தது. 2005இல் சீனாவின் மியான்யாங் நகரில் உலகச் சாம்பியன். இறுதியில் உஸ்பெகிஸ்தானின் தில்ஷோத் மக்முதோவை வென்றார். 2007இல் சிகாகோவில் மறுபடியும் உலகச் சாம்பியன். இறுதியில் ரஷ்யாவின் கென்னாடி கவல்யோவ். இரண்டு உலகப் பட்டம், 24 வயது. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு வரும்போது அந்தப் பிரிவில் தங்கத்துக்கு முதலில் சொல்லப்பட்ட பெயர்களில் ஒன்று அவருடையது.

பெய்ஜிங் காலிறுதியில் தாய்லாந்தின் மனுஸ் பூன்ஜும்னோங் வந்து நின்றார். மனுஸ் 2004 ஒலிம்பிக் சாம்பியன். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னத் தவறுகளைக் காத்திருந்து தண்டிக்கிறவர். அந்தக் காலப் புள்ளி முறையையும் இங்கே சொல்ல வேண்டும். 1988 சோல் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸுக்கு நடந்த அநியாயத் தீர்ப்புக்குப் பிறகு, 1992இலிருந்து ஒலிம்பிக்கில் கணினிப் புள்ளி வந்தது. ரிங்கைச் சுற்றி ஐந்து நடுவர்கள், ஒவ்வொருவர் கையிலும் பொத்தான். ஒரு குத்து சரியாக விழுந்ததென்று ஐந்தில் மூன்று பேராவது ஒரே நொடிக்குள் அமுக்கினால்தான் ஒரு புள்ளி. வயிற்றில் விழும் குத்து, நெருக்கத்தில் விழும் குத்து எல்லாம் பாதிப் பேர் கண்ணில் படாது. பெய்ஜிங்கில் பல போட்டிகள் இரட்டை இலக்கத்தையே தொடவில்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு புள்ளி முன்னே போய்விட்டு, எதிராளியை வரவழைத்து வாங்கி வாங்கி அடிப்பவருக்குத்தான் லாபம். மனுஸ் அதில் கைதேர்ந்தவர். சபியேவ் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். இரண்டு முறை உலகச் சாம்பியன், ஒலிம்பிக் பதக்கம் எதுவும் இல்லாமல் ஊர் திரும்பினார். மனுஸும் இறுதியில் டொமினிக்கன் குடியரசின் ஃபெலிக்ஸ் டியாஸிடம் தோற்று வெள்ளியோடு நின்றார்.

அதே பெய்ஜிங்கில் சபியேவின் சக வீரர் பகித் சர்செக்பாயேவ் தங்கம் வாங்கினார். பவ்லொதார் ஊர்க்காரர். இறுதியில் கியூபாவின் கார்லோஸ் பான்டோவை 18-9 என்று வென்றார். பிரிவு 69 கிலோ.

இந்த 69 கிலோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கசகஸ்தானுக்கு அது குடும்பச் சொத்து மாதிரி. 2004 ஏதென்ஸில் தராஸ் நகரத்துப் பக்தியார் அர்தாயேவ் இதே பிரிவில் தங்கம் வென்றார். அரையிறுதியில் அவர் வீழ்த்தியது ரஷ்யாவின் அலேக் சாய்தவை. 1996, 2000 என இரண்டு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கியவர் சாய்தவ். இறுதியில் கியூபாவின் லொரென்சோ அரகோன், 36-26. அர்தாயேவ் பிறகு 75 கிலோவுக்கு ஏறினார். 2006 தோஹா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் நம் விஜேந்தர் சிங்கைத் தோற்கடித்தவர் அவர்தான், நினைவிருக்கலாம். அர்தாயேவ் காலி செய்த இடத்தில் சர்செக்பாயேவ் வந்தார். சர்செக்பாயேவுக்குப் பின் அந்த இடம் யாருக்கு?

பெய்ஜிங்குக்குப் பிறகு சபியேவ் 64 கிலோவை விட்டு 69க்கு ஏறினார். ஐந்து கிலோ என்று சொன்னால் வெளியாட்களுக்குப் பெரிதாகத் தெரியாது. நான் கல்லூரி நாட்களில் இரண்டு கிலோ குறைக்க எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய இரவு பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன், தண்ணீர் குடிக்காமல் வாயில் ஊறியதைத் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். அதனால் மேலே ஏறுவது விடுதலை போலத்தான் முதலில் தோன்றும். வயிறாரச் சாப்பிடலாம். ஆனால் ரிங்கில் ஏறினால் எதிரே நிற்பவர் 75, 76 கிலோவிலிருந்து இறங்கி வந்தவராக இருப்பார். எலும்பே கனமாக இருக்கும். கீழே இருந்தபோது யாரையும் பின்னே தள்ளிய குத்து இங்கே சும்மா தட்டுவதுபோல ஆகிவிடும். வேகத்தை இழக்காமல் அந்தக் கனத்தைத் தாங்கக் கற்றுக்கொள்ளச் சபியேவுக்கு முழுதாக ஒரு ஒலிம்பிக் சுழற்சி பிடித்தது. அந்த நான்கு ஆண்டுகள் நேர்க்கோடாகப் போகவில்லை.

2009 மிலான் உலகப் போட்டியில் வெண்கலம். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம். 2011 பாகு உலகப் போட்டியில் இறுதிவரை போய், உக்ரைனின் தராஸ் ஷெலெஸ்தியுக்கிடம் தோற்று வெள்ளி. பாகுவில் அதே பிரிவில் வெண்கலம் வாங்கியவர்களில் ஒருவர் விகாஸ் கிருஷன். அவரையும் அரையிறுதியில் தடுத்தவர் ஷெலெஸ்தியுக்தான். ஆக, 64இல் இரண்டு உலகப் பட்டம் வென்றவருக்கு 69இல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வயது 28. லண்டனைத் தாண்டி இன்னொரு ஒலிம்பிக்கைப் பற்றி நினைப்பது கடினமான வயது.

லண்டன் அட்டவணையைப் பார்த்தவர்கள் எல்லாரும் இறுதியில் சபியேவ், ஷெலெஸ்தியுக் மறுபடி மோதுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நானும் பின்னாளில் அந்த அட்டவணையைப் பார்த்து அதைத்தான் நினைத்தேன். நடக்கவில்லை. காலிறுதியில் வெனிசுவேலாவின் கப்ரியேல் மாயெஸ்த்ரே, அரையிறுதியில் ஸம்கவோய் என்று சபியேவ் தன் பக்கத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். மறுபக்கத்தில் வேல்ஸைச் சேர்ந்த 21 வயது ஃப்ரெட் எவன்ஸ், ஷெலெஸ்தியுக்கை 11-10 என்று ஒரே ஒரு புள்ளியில் வெளியேற்றிவிட்டார். பாகுவின் கணக்கைத் தீர்க்கும் வாய்ப்பு சபியேவுக்குக் கிடைக்கவில்லை. பதிலாக, பிரிட்டன் மண்ணில் பிரிட்டன் வீரரோடு இறுதிப் போட்டி.

ஆகஸ்ட் 12, ஒலிம்பிக்கின் கடைசி நாள். எக்ஸெல் வளாகத்தில் ஒரு அரங்கில் மல்யுத்தம், இன்னொரு அரங்கில் குத்துச்சண்டை. இந்தியா முழுக்க அன்று சுஷில் குமாரின் இறுதிப் போட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சுஷில் வெள்ளி வாங்கினார். என் வீட்டிலும் அதே சத்தம்தான். அதே வளாகத்தில் சில சுவர்கள் தள்ளி இன்னொரு போட்டி நடக்கிறது என்பது எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ‘கொஞ்சம் சேனலை மாற்றட்டுமா’ என்று கேட்டு மாற்றினேன்.

அரங்கம் முழுக்க எவன்ஸுக்காகக் கத்தியது. எவன்ஸும் இடதுகைதான். நல்ல எதிர்த்தாக்குதல் வீரர். வருகிறவரை வரவிட்டு அடிப்பவர். சபியேவ் அவருக்கு அந்த வசதியையே கொடுக்கவில்லை. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே அசைவாக இருந்தது. எவன்ஸ் பதில் அடிக்கத் தயாராகும்போது அங்கே காற்றுதான். நான் பார்த்த குத்துச்சண்டை இறுதிப் போட்டிகளில் இவ்வளவு அமைதியாக ஒருவர் தன் ஆட்டத்தை ஆடியதில்லை. கூட்டத்தின் சத்தம் அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. நான்கு வருடம் முன்னால் பெய்ஜிங்கில் ஒரு புள்ளி பின்தங்கினால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர். இங்கே அவர் பின்தங்கிப் பார்க்கவே தயாராக இல்லை என்று எனக்குத் தோன்றியது. 17-9. எட்டுப் புள்ளி வித்தியாசம் ஒலிம்பிக் இறுதியில் லேசில் வராது.

அந்த ஒலிம்பிக்கின் சிறந்த நுட்பம் கொண்ட குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையும் அவருக்கே கிடைத்தது. 1936இலிருந்து கொடுக்கப்படும் கோப்பை அது. தங்கம் வென்றவருக்குத்தான் என்று விதியில்லை. ராய் ஜோன்ஸ் அந்த அநியாய வெள்ளியோடுதான் 1988இல் அதை வாங்கினார். எல்லா எடையிலிருந்தும் ஒருவரைத்தான் பொறுக்குவார்கள். அதில் கசகஸ்தான் மூன்று முறை: 1996இல் வசீலி ஜீரோவ், 2004இல் அர்தாயேவ், 2012இல் சபியேவ். 1996இலிருந்துதான் தனி நாடாக ஒலிம்பிக் கோடை விளையாட்டுகளில் அவர்கள் பங்கேற்கவே ஆரம்பித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லண்டனில் கசகஸ்தான் ஏழு தங்கம் வென்றதாக அன்று கொண்டாடியது. அவற்றில் நான்கு பளுதூக்குதலில் வந்தவை. பழைய மாதிரிகளை மறுபடி சோதித்தபோது அந்த நான்கும் ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்டன. இல்யா இல்யின் போன்ற தேசிய நாயகரின் பெயரும் அதில் போயிற்று. நாடே நொறுங்கியிருக்கும். மிஞ்சியது மூன்று: சைக்கிளில் வினோகுரோவ், மும்முறைத் தாண்டலில் ஓல்கா ரிபகோவா, குத்துச்சண்டையில் சபியேவ்.

லண்டனுக்குப் பிறகு சபியேவ் கையுறையைக் கழற்றினார். ஒலிம்பிக் தங்கமும் வால் பார்க்கரும் கையில் இருக்கும் ஒரு இடதுகைக்காரருக்குத் தொழில்முறைக் கதவுகள் திறந்தே இருந்திருக்கும். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. பின்னாளில் நாடாளுமன்றத்தின் கீழவையான மஜிலிஸில் உறுப்பினரானார், நாட்டின் விளையாட்டுக் குழுவுக்கும் தலைமை வகித்தார். அரசியலில் அவர் செய்ததைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை. போகாததில்தான் என் மனம் நிற்கிறது. அவர் கற்றது மூன்று சுற்று ஆட்டம். அதன் எல்லை வரை போனார். அங்கே செய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை. இதைச் சிலர் ‘வீணாகிப்போன திறமை’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வரும். கலோவ்கினின் அலமாரியில் இல்லாத ஒரே பொருள் சபியேவின் வீட்டில் இருக்கிறது.

69 கிலோ சொத்து இன்னும் ஒரு தலைமுறைக்குப் போனது. 2016 ரியோவில் தானியார் யெலெயுசினவ், உஸ்பெகிஸ்தானின் ஷக்ராம் கியாசவை இறுதியில் வென்று தங்கம் வாங்கினார். அர்தாயேவ், சர்செக்பாயேவ், சபியேவ், யெலெயுசினவ். நான்கு ஒலிம்பிக், நான்கு ஆட்கள், ஒரே எடை. டோக்கியோவில் அந்தத் தொடர் அறுந்தது. தங்கம் கியூபாவின் ரொனியெல் இக்லேசியாஸுக்குப் போனது. பாரிஸுக்குள் பிரிவுகளையே மாற்றி 71 கிலோ ஆக்கிவிட்டார்கள். 69 கிலோ என்ற பிரிவே ஒலிம்பிக்கில் இப்போது இல்லை.

சில மாதங்கள் முன்பு அந்தச் சங்கிலியில் இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பென்ஸ் தொழில்முறையில் வெல்டர்வெயிட் உலகச் சாம்பியனானார். விகாஸ் டோக்கியோவில் மறுபடியும் 69 கிலோவில் இறங்கி, முதல் போட்டியில் ஜப்பானின் ஒகசவாவிடம் தோற்றார். ஸம்கவோய் விடவே இல்லை. 2019இல் உலகச் சாம்பியனாகி, டோக்கியோவில் மறுபடியும் அரையிறுதி வரை வந்து, லண்டனில் வாங்கிய அதே வெண்கலத்தை இன்னொரு முறை வாங்கினார். அப்புறம் அந்த 18-12 அரையிறுதியைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். கடைசி நிமிடத்தில் ஸம்கவோய் துரத்திக்கொண்டு வருகிறார். சபியேவின் வலதுகால் அவர் காலுக்கு வெளியே போய் விழுகிறது.